ஒத்த வாசல், உள்ள பத்து வீடு: ரவுட்டர்ல போர்ட் தொறந்து விடுத வழி

அம்பாசமுத்திரம் பக்கத்துல எங்க மாமாவுக்கு ஒரு ரைஸ் மில் இருக்கு, குடியிருக்கது பாளையங்கோட்டைல. பிசான அறுப்பு சமயத்துல ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட நெல்லு லாரி வந்து நிக்கும், அதனால மில்லுல எட்டு கேமராவும் அந்தப் படத்தப் பதிஞ்சி வைக்க ஒரு டிவிஆர் பெட்டியும் மாட்டிருக்கு. ஆனா போன்ல பாக்கணும்னா ஆப்காரன் சர்வர் வழியா ஊரச் சுத்தி வந்து படம் திக்கித் திக்கித்தான் ஓடும். "ஏலே மருமவனே, என் மில்ல நான் நேரா பாக்கதுக்கு ஒரு வழி பண்ணுல"ன்னாவ. போர்ட் ஃபார்வர்டிங் (வெளிய இருந்து வருதத உள்ள ஒரு சாமானுக்கு அனுப்பச் சொல்லி ரவுட்டர்ல போடுத ரூலு) போட்டா முடிஞ்சிரும்னு நானும் ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போனேன், ரூல் சரியாத்தான் போட்டேன், ரெண்டு நாள் மல்லுக்கட்டியும் வெளிய இருந்து ஒண்ணும் தொறக்கல. கடைசில பாத்தா ரூல்ல ஒரு தப்பும் இல்ல, மில்லுக்கு வந்த லைன்லயே வெளி அட்ரஸ்னு ஒண்ணு கிடையாது. முதல் அஞ்சு நிமிசத்துல பாத்திருக்க வேண்டிய விசயம் அது. இதே மாரி நாலஞ்சு பேரு எங்கிட்ட வந்து கேட்டாச்சு, அத்தன பேரும் ரூல் பக்கத்துலதான் தலைய விட்டுக்கிட்டு இருந்தாவ. அதனால எந்த வரிசைல பாக்கணும்னு மொதல்ல இருந்து சொல்லுதேன், பைய வாங்க.

ரவுட்டரு அட்ரஸ மாத்தி அனுப்புத வேலைக்கு நேட்டுன்னு பேரு, அது என்னன்னு கொஞ்சம் புரிஞ்சிக்கிடணும், இல்லன்னா வெறும் கட்டத்த நிரப்புத வேலையாப் போயிரும். நம்ம ஊரு வளவு தெரியும்லா? தெருவுல இருந்து பாத்தா ஒரே ஒரு வாசல், ஒரே கதவு நம்பர், உள்ள போனா ரெண்டு பக்கமும் வரிசையா எட்டு வீடு பத்து வீடு, நடுவுல பொதுக் கெணறு. தபால்காரருக்குத் தெரிஞ்சது தெருவாசல் நம்பர் மட்டுந்தான். வாசத் திண்ணைல ஒரு ஆச்சி நோட்டு வச்சிக்கிட்டு உக்காந்திருக்காவன்னு வச்சிக்கிடுங்க. உள்ள இருந்து யாரு காயிதம் எழுதுனாலும் ஆச்சி கைலதான் குடுக்கணும். ஆச்சி அனுப்புனவங்க பேர அடிச்சிட்டு வளவு முகவரிய எழுதி, ஓரத்துல ஒரு நம்பரப் போட்டு அனுப்பிட்டு, இந்த நம்பரு மூணாவது வீட்டுக்காரம்மா போட்டதுன்னு நோட்டுல குறிச்சிக்கிடுவாவ. பதிலு அதே நம்பரோட வந்தா நேரா மூணாவது வீட்டுக்குப் போயிரும். யாரும் எழுதாமலே வெளிய இருந்து ஒரு காயிதம் வந்தா, எந்த வீட்டுக்குன்னு நோட்டுல இருக்காது, ஆச்சி அத ஓரமா போட்டுருவாவ.

ரவுட்டரு செய்யுதது அப்படியே இதுதான். உங்க போனு 192.168.1.23, அதுல ஒரு ஆப்பு 51514ங்கிற போர்ட்ல (ஒரே சாமானுக்குள்ள எந்த ஆப்புன்னு பிரிச்சிக் காட்டுத நம்பரு) இருந்து வெளிய பேசுதுன்னு வைங்க. ரவுட்டரு அத உங்க வெளி அட்ரஸ் 203.0.113.25ன்னும் போர்ட் 40211ன்னும் மாத்தி அனுப்பிட்டு, 40211க்கு பதில் வந்தா உள்ள 23க்கு அனுப்பணும்னு ஒரு வரி எழுதி வச்சிக்கிடும். (203.0.113ன்னு தொடங்குதது உதாரணம் எழுதுததுக்குன்னே ஒதுக்கி வச்சது, யாரு வீட்டு அட்ரஸும் இல்ல, அப்படியே அடிச்சிப் பாக்காதீங்க.) அந்த வரி காலத்துக்கும் இருக்காது. லினக்ஸ்ல ஓடுத ரவுட்டர்ல தானா இருக்க கணக்கு என்னன்னா, யூடிபி (கனெக்ஷன் போடாமலே அனுப்புத முறை) ஒரு பக்கமா மட்டும் பேசி நின்னுட்டா 30 செகண்டுல அழிஞ்சிரும், டிசிபி (மொதல்ல கனெக்ஷன் போட்டுட்டுப் பேசுத முறை) கனெக்ஷன் நல்லா உக்காந்துட்டா பேச்சே இல்லாட்டியும் 5 நாள் வரைக்கும் வச்சிருக்கும். இந்த 30 செகண்டு பின்னால ஒரு எடத்துல வரும், ஞாபகம் வச்சிக்கிடுங்க.

எதுக்கு இந்த ஏற்பாடுன்னா ஐபிவி4 அட்ரஸு மொத்தமே 32 பிட், கணக்குப் போட்டா சுமார் 429 கோடி, உலகத்துக்குப் பத்தாது. 1994லயே நேட்ட பத்தி எழுதிட்டாவ, ஆர்எஃப்சின்னு சொல்லுத இன்டர்நெட் ஆவண வரிசைல 1631. அப்புறம் 1996ல ஆர்எஃப்சி 1918 வந்து, வீட்டுக்குள்ளயும் ஆபீஸுக்குள்ளயும் யாரு வேணும்னாலும் வச்சிக்கிடலாம்னு மூணு கூட்டத்த ஒதுக்குச்சு: 10ல தொடங்குதது பூராவும், 172.16ல இருந்து 172.31 வரைக்கும், 192.168 பூராவும். இதெல்லாம் வளவுக்குள்ள வீட்டு நம்பர் மாரி, மேலப்பாளையத்துலயும் இருக்கும் வள்ளியூர்லயும் இருக்கும், தெருவுல செல்லாது. 2011 பிப்ரவரில உலகப் பொதுக் கையிருப்புல இருந்த கடைசி அட்ரஸ் கட்டையும் பிரிச்சிக் குடுத்து முடிச்சாச்சு.

அப்போ போர்ட் ஃபார்வர்டிங்னா என்ன? ஆச்சிகிட்ட முன்கூட்டியே சொல்லி வைக்கது. "ஆச்சி, 20443ன்னு நம்பர் போட்டு யாரு வந்தாலும், நாங்க எழுதாட்டாலும் பரவாயில்ல, அஞ்சாவது வீட்டுக்கு அனுப்பிருங்க." அவ்வளவுதான். உள்ள இருந்து வெளிய போகும்போது அனுப்புனவரு முகவரிய மாத்துதது சோர்ஸ் நேட்டு, மாஸ்கரேடுன்னும் சொல்லுவாவ. வெளிய இருந்து உள்ள வரும்போது போய்ச்சேருத முகவரிய மாத்துதது டெஸ்டினேஷன் நேட்டு. போர்ட் ஃபார்வர்டிங் இந்த ரெண்டாவது வகை.

மொதல்ல தெருவாசல் உங்களுதுதானான்னு பாருங்க

இதான் நான் விட்ட எடம், அதனால நல்லா நிறுத்தி நிதானமா சொல்லுதேன். ரவுட்டரோட ஸ்டேட்டஸ் பக்கத்துக்குப் போயி வேன் ஐபின்னு (ரவுட்டரோட வெளிப் பக்கத்து அட்ரஸ்) போட்டுருக்கத ஒரு பேப்பர்ல எழுதிக்கிடுங்க. அப்புறம் அதே லைன்ல இருக்க போன்லயோ கம்ப்யூட்டர்லயோ என் ஐபி என்னன்னு காட்டுத வெப்சைட் ஏதாவது ஒண்ணத் தொறந்து, அது காட்டுத ஐபிவி4 அட்ரஸப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா வாசல் உங்களுது, அடுத்த வேலைக்குப் போவலாம். ரெண்டும் வேறயா இருந்தா ரூல் பக்கத்துக்கே போவாதீங்க, எத்தன ரூல் போட்டாலும் ஆவாது.

வேறயா இருக்கதுல ரெண்டு வகை உண்டு. வேன் ஐபி 100.64ல இருந்து 100.127 வரைக்கும் எதுலயாவது தொடங்குனா அது சிஜிநேட், அதாவது லைன் குடுக்கவங்க அவங்க பக்கத்துலயே இன்னொரு பெரிய நேட்டு வச்சிருக்காவ, உங்க வளவே இன்னொரு பெரிய வளவுக்குள்ள இருக்கு. இதுக்குன்னே 2012ல அந்த அட்ரஸ் கூட்டத்த ஒதுக்கிருக்காவ. (சில பேரு இதுக்கும் 10ல தொடங்குத அட்ரஸயே குடுத்திருப்பாவ.) பெரிய வாசல்ல இருக்க ஆச்சிகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லி வைக்க முடியாது. மாமா மில்லுல இருந்தது இதான். சிம் போட்ட ரவுட்டர்ல பாத்தாலும் பெரும்பாலும் இதான் இருக்கும்.

இதுக்கு வழி மூணு. லைன்காரங்ககிட்ட ஸ்டாட்டிக் ஐபி (மாறாத வெளி அட்ரஸ்) கேட்டு வாங்குதது ஒண்ணு, அதுக்கு தனியாக் காசு கேப்பாவ, ஆனா தொந்தரவு கம்மி. ரெண்டாவது, வெளிய ஒரு சின்ன விபிஎஸ் (நெட்ல வாடகைக்கு விடுத சர்வர்) எடுத்து, மில்லுல இருந்து அதுக்கு டன்னல் (ரெண்டு எடத்துக்கு நடுவுல ஒரு தனிப் பாதை) போட்டுட்டு, நீங்களும் அதே விபிஎஸ்ல போயிச் சேருதது. உள்ள இருந்து வெளிய போறதுக்கு சிஜிநேட் தடுக்காது, அந்த வசதியத்தான் இங்க பயன்படுத்துதோம். மூணாவது ஐபிவி6, ஐபிவி4க்கு அடுத்த தலைமுறை, அதுல ஒவ்வொரு சாமானுக்கும் தனி வெளி அட்ரஸே கிடைக்கும், நேட்டே வேண்டாம், ஃபயர்வால்ல (எத உள்ள விடணும், எதத் தள்ளணும்னு பாக்க காவல்) அந்த ஒரு சாமானுக்கு மட்டும் அனுமதி குடுத்தாப் போதும். ஆனா ரெண்டு பக்கத்து லைன்லயும் ஐபிவி6 இருக்கணும், டிவிஆருக்கும் அது தெரிஞ்சிருக்கணும், அந்தப் பழைய டிவிஆருக்குத் தெரியல. மாமா ஸ்டாட்டிக் ஐபி வாங்கிட்டாவ.

இன்னொரு வகை ரெட்டை நேட்டு. ஃபைபர்காரங்க மாட்டுன ஓஎன்டி பெட்டியே (ஃபைபர் வயரு வந்து சேருத பெட்டி) ஒரு ரவுட்டரு, அதுக்குப் பின்னால நீங்க கடைல வாங்குன ரவுட்டர மாட்டிருக்கீங்க. உங்க ரவுட்டர்ல வேன் ஐபி 192.168ன்னு தொடங்குனா இதுதான்னு வச்சிக்கிடலாம். ஓஎன்டிய பிரிட்ஜ் மோடுக்கு (நேட்டு போடாம லைன அப்படியே கடத்தி விடுத நிலை) மாத்தி, உங்க ரவுட்டரே பிபிபிஓஇ (யூசர்நேம் பாஸ்வேர்டு குடுத்து லைன்ல நொழையுத முறை) டயல் பண்ணுத மாரி வைக்கதுதான் சுத்தமான வழி. மாத்துததுக்கு முன்னால பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, வீலேன் நம்பர் மூணையும் கண்டிப்பா எழுதி வச்சிக்கிடுங்க, அது இல்லாம மாத்திட்டு லைன் போயி, லைன்மேன் வரட்டும்னு மூணு நாள் காத்துக் கெடந்தவங்கள நான் பாத்திருக்கேன். பிரிட்ஜ் பண்ண விடலன்னா ஓஎன்டில ஒரு தடவ உங்க ரவுட்டருக்கும், உங்க ரவுட்டர்ல ஒரு தடவ டிவிஆருக்கும் ரெண்டு எடத்துலயும் ஃபார்வர்டு போடணும், வேலை செய்யும்.

உள்ள இருக்க வீட்டு நம்பர உறுதி பண்ணுதது

டிவிஆருக்கு இன்னைக்கு 50ன்னு அட்ரஸ் கிடைச்சி, கரண்டு போயி வந்ததும் 63ன்னு மாறிட்டா நீங்க போட்ட ரூலு காலி வீட்டக் காட்டிக்கிட்டு நிக்கும். அதனால ரவுட்டர்ல டிஹெச்சிபி (உள்ள இருக்க சாமானுக்கெல்லாம் அட்ரஸ் குடுக்க வேலை) ரிசர்வேஷன்ல போயி டிவிஆரோட மேக் அட்ரஸுக்கு (கம்பெனிலயே அந்தச் சாமானுக்குப் போட்டு விடுத நம்பரு) ஒரு நம்பரக் கட்டிப் போடுங்க.

இன்னொண்ணையும் இப்பவே பண்ணிருங்க, எதுக்குன்னு கீழ சொல்லுதேன். மில்லு நெட்வொர்க்க 192.168.1ன்னு விடாதீங்க. யாரு வீட்ல பாத்தாலும் 192.168.1 இல்லன்னா 192.168.0 தான். நான் மில்லுல 192.168.37ன்னு மாத்திட்டேன், ரவுட்டரு 192.168.37.1, டிவிஆரு 192.168.37.50.

டிவிஆருல கைய வச்சி அட்ரஸ் போட்டுருந்தா அதுல கேட்வேன்னு ஒரு கட்டம் இருக்கும், அத ஒருக்கா பாருங்க. கேமரா மாட்ட வந்த பையங்க அட்ரஸும் சப்நெட் மாஸ்க்கும் போட்டுட்டு கேட்வேய அப்படியே விட்டுட்டுப் போயிருப்பாங்க. மில்லுக்குள்ள இருந்து பாத்தா படம் பளிச்சினு வரும், வெளிய இருந்து வராது. ஏன்னா வெளிய இருந்து வந்த காயிதம் டிவிஆருக்கு ஒழுங்காத்தான் போயிச் சேருது, பதிலு போடுததுக்கு வாசல் எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியல. கேட்வேல 192.168.37.1ன்னு போட்ட ஒடனே சரியாயிரும்.

அப்புறம் உள்ள இருந்தே எந்தப் போர்ட்ல டிவிஆர் பேசுதுன்னு அடிச்சிப் பாத்துருங்க. வெப் பக்கம் 80 இல்லன்னா 443, வீடியோ ஓடுத ஆர்டிஎஸ்பி 554. ஹிக்விஷன்ல ஆப்புக்கு 8000, டாஹுவால 37777ன்னு தானா இருக்கும். உள்ள இருந்தே தொறக்கலன்னா வெளிய இருந்து தொறக்கவே தொறக்காது.

ரூல் போடுதது

வீட்டு ரவுட்டர்ல இது போர்ட் ஃபார்வர்டிங்னோ விர்ச்சுவல் சர்வர்னோ போர்ட் மேப்பிங்னோ பேரு வச்சிருப்பாவ, எல்லாம் ஒண்ணுதான். கேக்குத கட்டமும் ஒண்ணுதான். வெளி போர்ட் 20443, உள்ள ஐபி 192.168.37.50, உள்ள போர்ட் 443, ப்ரோட்டோகால் டிசிபி. வெளி போர்ட்டும் உள் போர்ட்டும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமே இல்ல. 80, 443 ரெண்டையும் வெளிப் பக்கம் பல ரவுட்டரு தனக்கே வச்சிருக்கும், அதனால பெரிய நம்பரா எடுத்துக்கிடுங்க, 65535 வரைக்கும் இருக்கு, 1023 வரைக்கும் உள்ளது பேரு போன சர்வீஸுகளுக்கு ஒதுக்குனது. டிசிபியும் யூடிபியும் ரெண்டும்னு சோம்பேறித்தனமா போடாதீங்க, எது வேணுமோ அது மட்டும் போதும். சில ஓஎன்டில வேன் இன்டர்ஃபேஸ எடுக்கச் சொல்லி ஒரு பட்டியல் இருக்கும், அதுல இன்டர்நெட்டுன்னு போட்டுருக்கத எடுங்க, போன் லைனுக்கும் டிவிக்கும் தனி இன்டர்ஃபேஸ் இருக்கும், மாத்தி எடுத்துட்டா ரூலு சேவ் ஆவும் ஆனா ஓடாது.

மைக்ரோடிக் கம்பெனி ரவுட்டரு வச்சிருக்கவங்களுக்கு தனியா சொல்லணும், மில்லுல நான் மாட்டுனதும் அதான். அதோட செட்டிங் புரோகிராம் வின்பாக்ஸ்ல ஐபி, ஃபயர்வால், நேட் டேப். அங்க மாஸ்கரேடுன்னு ஒரு ரூலு ஏற்கெனவே இருக்கும், அதத் தொடாதீங்க, அது போனா மொத்த மில்லுக்கும் நெட்டு போயிரும். பிளஸ் அமுக்கி செயின்ல டிஎஸ்டி நேட் (டெஸ்டினேஷன் நேட்டோட சுருக்கம்), ப்ரோட்டோகால் டிசிபி, டெஸ்டினேஷன் போர்ட் 20443, இன் இன்டர்ஃபேஸ் லிஸ்ட்ல வேன். ஆக்ஷன் டேப்ல டிஎஸ்டி நேட், டூ அட்ரஸ் 192.168.37.50, டூ போர்ட் 443.

இன் இன்டர்ஃபேஸ் லிஸ்ட்ட காலியா விடுததுதான் பெரிய தப்பு, எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுவேன். காலியா விட்டு, வெளி போர்ட்டையும் 443ன்னே வச்சிட்டா என்ன ஆவும்னு யோசிங்க. வெளிய இருந்து வருததுக்கு மட்டும்னு ரூல்ல சொல்லல, அதனால உள்ள இருந்து எந்த வெப்சைட்டுக்கு 443ல போனாலும் ரவுட்டரு அதப் புடிச்சி டிவிஆருக்கே திருப்பி விட்ரும். ஆபீஸ்ல பேங்க் பக்கம் தொறந்தா செர்டிஃபிகேட் சரியில்லன்னு வரும், மெயில் தொறந்தா டிவிஆர் லாகின் வரும், எல்லாரும் வைரஸ்னு நெனச்சி அலறுவாவ. டவுண்ல ஒரு கடைல இதே கோளாறு, நெட்டு போச்சுன்னு என்னக் கூப்பிட்டாவ, போயிப் பாத்தா ஒரு கட்டம் காலி.

ஃபயர்வால் ஃபில்டர் பக்கம் மைக்ரோடிக் தானா வருத செட்டிங்ல, ஃபார்வர்டு செயின்ல டிஎஸ்டி நேட் ஆவாம வேன்ல இருந்து வருத எல்லாத்தையும் தள்ளிருன்னு ஒரு ரூல் இருக்கும். நம்ம ரூல்ல மாத்துனது டிஎஸ்டி நேட் ஆனதுதான், அதனால தனி அனுமதி வேண்டாம். நீங்களே ஃபயர்வால் எழுதிருந்தீங்கன்னா ஃபார்வர்டுல அனுமதி போடணும், அங்க 192.168.37.50, போர்ட் 443ன்னு உள் நம்பரத்தான் எழுதணும், 20443 இல்ல. ஏன்னா அட்ரஸ் மாத்துத வேலை மொதல்ல முடிஞ்சிதான் ஃபில்டருக்கே வருது. லினக்ஸ் பெட்டில ஐபிடேபிள்ஸ்ல (லினக்ஸோட ஃபயர்வால் கருவி) ரூல் போடுதவங்களுக்கும் இதே வரிசைதான், ப்ரீரௌட்டிங்ல மாத்துதது, ஃபார்வர்டுல அனுமதி, போஸ்ட்ரௌட்டிங்ல மாஸ்கரேடு. கெர்னல்ல ஐபி ஃபார்வர்டிங்க 1ன்னு வைக்காம விட்டா இந்த மூணும் இருந்தும் ஒண்ணும் நகராது.

சோதிச்சிப் பாக்கது

வீட்டு வைஃபைல இருந்துக்கிட்டே வெளி அட்ரஸ அடிச்சிப் பாத்துட்டு ஓடலன்னு ரூல அழிக்கவங்கதான் நெறைய. போன்ல வைஃபைய அணைச்சிட்டு மொபைல் டேட்டால பாருங்க, அதான் உண்மையான வெளி. உள்ள இருந்து வெளி அட்ரஸுக்குப் போயி திரும்பி உள்ள வருததுக்கு ஹேர்பின் நேட்டுன்னு தனி ஏற்பாடு வேணும். உங்க போனு வெளி அட்ரஸுக்குக் கேட்டு, ரவுட்டரு டிவிஆருக்குத் திருப்பி விட்டாலும், ஒரே வளவுதானன்னு டிவிஆரு ஆச்சியக் கேக்காம நேரா போனுக்கு பதிலக் குடுத்துரும். போனு வெளி அட்ரஸ்ல இருந்து பதில எதிர்பாத்து நிக்கி, உள் அட்ரஸ்ல இருந்து வந்தத யாருன்னு தெரியாதுன்னு ஒதுக்கிரும். சில ரவுட்டர்ல இது தானா நடக்கும். மைக்ரோடிக்ல சோர்ஸ் 192.168.37.0/24 (192.168.37ல தொடங்குத அத்தனையும்), டெஸ்டினேஷன் 192.168.37.50ன்னு இன்னொரு மாஸ்கரேடு போடணும், கூடவே டிஎஸ்டி நேட் ரூல்ல வேன் லிஸ்டுக்குப் பதிலா டெஸ்டினேஷன் அட்ரஸ்ல உங்க ஸ்டாட்டிக் ஐபியப் போடணும். உள்ள இருக்கும்போது உள் அட்ரஸையே அடிச்சா இந்தத் தலைவலியே இல்ல.

தொறக்கலன்னா எப்படித் தொறக்கலன்னு பாருங்க. ரொம்ப நேரம் சுத்திட்டு டைம் அவுட்னு வந்தா காயிதம் வழில எங்கயோ தொலையுது: சிஜிநேட், ஃபயர்வால், இல்லன்னா அந்தக் கேட்வே கட்டம். ஒடனே கனெக்ஷன் ரெஃப்யூஸ்டுன்னு வந்தா பெரும்பாலும் சாமான் வரைக்கும் போயிட்டு, அந்தப் போர்ட்ல கேக்க ஆளு இல்ல, உள் போர்ட் நம்பரப் பாருங்க. மைக்ரோடிக்ல ரூலு பக்கத்துல பாக்கெட் எண்ணிக்கை ஓடும். நீங்க வெளிய இருந்து தட்டத் தட்ட அது ஏறுச்சின்னா வாசல் வரைக்கும் வருது, கோளாறு உள்ளதான். ஏறவே இல்லன்னா வாசலுக்கே வரல. பாதி வேலைய இந்த ஒரு எண்ணே முடிச்சிக் குடுத்துரும்.

ஸ்டாட்டிக் ஐபி இல்லாம, ஆனா வெளி அட்ரஸ் உள்ளவங்களுக்கு, கரண்டு போயி வந்ததும் அட்ரஸு மாறிரும். அதுக்கு ரவுட்டர்லயே டிடிஎன்எஸ் இருக்கும், ஒரு பேரு வாங்கி வச்சிட்டா அட்ரஸ் மாறுனாலும் பேரு மாறாது.

வாசலத் தொறந்து போட்டுட்டு தூங்காதீங்க

ஸ்டாட்டிக் ஐபி வந்து, ரூலு ஓடி, மாமா வீட்ல இருந்து மில்லப் பாத்த அன்னைக்கு அவ்வளவு சந்தோசம். மறுநாள் டிவிஆரோட லாக்க எடுத்துப் பாத்தா, எங்கயோ இருந்து அட்மின் அட்மின்னு பாஸ்வேர்டு போட்டுப் பாத்துக்கிட்டே இருக்காங்க. மாமா மில்லுன்னு யாரும் தேடி வரல, ஐபிவி4 அட்ரஸ் அத்தனையையும் வரிசையா தட்டிப் பாக்க மெஷின்கள் ராவும் பகலும் ஓடிக்கிட்டு இருக்கு. 2016ல மிராய்னு ஒரு வைரஸ் புரோகிராம் இப்படித்தான் பரவுச்சு, கையில வச்சிருந்தது கம்பெனில இருந்து வருத யூசர்நேம் பாஸ்வேர்டு அறுபது சோடி கிட்டத்தான். அத வச்சி கேமரா, டிவிஆர், ரவுட்டர்னு லட்சக்கணக்குல புடிச்சி, அந்த வருசம் அக்டோபர் 21 டைன்ங்கிற டிஎன்எஸ் (வெப்சைட் பேர அட்ரஸா மாத்திக் குடுக்க வேலை) கம்பெனிய அடிச்சாங்க, பெரிய பெரிய வெப்சைட்டெல்லாம் அமெரிக்கால மணிக்கணக்கா விழுந்து கெடந்துது. வெளி நம்பர 20443ன்னு மாத்துனா தட்டுத சத்தம் கொறையும், ஆனா அது பூட்டு கிடையாது.

அதனால ரிமோட் டெஸ்க்டாப்போட 3389, ஃபைல் ஷேரிங்கோட 445, டெல்நெட்டோட 23 இந்த மூணையும் எந்தக் காலத்துலயும் வெளிய தொறக்காதீங்க, 2017 மே மாசம் வானாக்ரைங்கிற வைரஸ் உலகம் பூரா ஓடுனது 445 வழியாத்தான். டிஎம்ஸட்னு ஒரு கட்டம் இருக்கும், டிவிஆர் அட்ரஸ அதுல போட்டா ஒடனே வேலை செய்யும்னு சொல்லிக் குடுப்பாவ. செய்யும், ஆனா அத்தன போர்ட்டையும் ஒரே அடியா அந்தச் சாமானுக்குத் தொறந்து விட்டுட்டீங்கன்னு அர்த்தம், போடாதீங்க. யூபிஎன்பிய அணைச்சிருங்க, அது இருந்தா உள்ள இருக்க எந்தச் சாமானும் உங்களக் கேக்காமலே வாசலத் தொறந்துக்கிடும்.

நான் மறுநாளே டிவிஆர் ரூல எடுத்துட்டேன். அதுக்குப் பதிலா ஒயர்கார்டுன்னு ஒரு விபிஎன் (வெளிய இருந்து பூட்டுன டன்னல் வழியா உள்ள நொழையுத ஏற்பாடு) போட்டேன். வெளிய ஒரே ஒரு யூடிபி போர்ட், வழக்கமா 51820, மைக்ரோடிக்ல தானா 13231ன்னு வரும். சரியான சாவி இல்லாம யாரு தட்டுனாலும் அது பதிலே சொல்லாது, உள்ள ஆளு இருக்கா இல்லையான்னுகூட வெளிய தெரியாது. டிவிஆரத் தொறந்து விடுததுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், உங்க ரவுட்டர்ல வசதி இருந்தா இதையே போடுங்கன்னுதான் நான் சொல்லுவேன். மைக்ரோடிக்ல ரவுட்டர் ஓஎஸ் 7ல இருந்து இருக்கு. ஒண்ணு மட்டும் கவனிக்கணும், இங்க காயிதம் உள்ள இருக்க வீட்டுக்கு இல்ல, ஆச்சிக்கே வருது. அதனால டிஎஸ்டி நேட் வேண்டாம், ஃபில்டர்ல இன்புட் செயின்ல அந்த யூடிபி போர்ட்டுக்கு அனுமதி போட்டு, எல்லாத்தையும் தள்ளுத ரூலுக்கு மேல இழுத்து வைக்கணும், கீழ கெடந்தா அது வரைக்கும் வராது. ஒயர்கார்டு வேற ஒரு பெட்டில ஓடுனா அப்போ யூடிபிக்கு ஒரு ஃபார்வர்டு போடணும்.

மாமா போன்ல ஒயர்கார்டு ஆப்ப போட்டு க்யூஆர் கோட காட்டுனா முடிஞ்சிது. அலவ்டு ஐபில 192.168.37.0/24 மட்டும் போட்டேன், அதனால மில்லு கேமரா மட்டுந்தான் டன்னல்ல போகும், மத்ததெல்லாம் அவங்க வழக்கமான நெட்லயே ஓடும். பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்ல 25ன்னு போடுங்க. யூடிபி வரி 30 செகண்டுல அழிஞ்சிரும்னு சொன்னம்லா, அது அழியுததுக்கு முன்னால ஒரு தட்டு தட்டி உயிரோட வைக்கதுதான் அந்த 25. மில்லுக்கு 37ன்னு நம்பர் வச்சதும் இதுக்குத்தான். பாளையங்கோட்டை வீட்டு வைஃபை 192.168.1, மில்லும் 192.168.1ன்னா, டிவிஆரக் கேட்டா போனு வீட்டுக்குள்ளயே தேடிக்கிட்டு நிக்கும், டன்னலுக்கு வரவே வராது.

கடைசியா, ரூலெல்லாம் ஓடுன பொறவு ரவுட்டர்ல பேக்கப் ஃபைல் ஒண்ணு எடுத்து வேற எடத்துல வச்சிருங்க. ரீசெட் பட்டன யாராவது குச்சிய வச்சி அமுக்கிட்டா மறுபடியும் மொதல்ல இருந்து வரணும். எந்தப் போர்ட், எந்தச் சாமானுக்கு, எந்தத் தேதில போட்டதுன்னு ஒரு பேப்பர்லயும் எழுதுங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாத்து தேவையில்லாதத அழிங்க, டிவிஆருக்கும் ரவுட்டருக்கும் அப்டேட் வந்திருந்தா அப்பவே போட்ருங்க. மில்லு ஆபீஸ்ல பீரோ கதவுக்கு உள்பக்கம் அந்தப் பேப்பர ஒட்டி வச்சிருக்கேன், இப்போதைக்கு அதுல ஒரே ஒரு வரிதான் இருக்கு.